பள்ளி மணி அடிக்கும் மாணவிக்கு மாற்றுச் சான்றிதழ் கோரி

அனுப்புநர்:
செ. கேத்தரின், எம்.எஸ்சி.,
திருவானைக்காவல்,
திருச்சிராப்பள்ளி – 620005.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள் (தனியார் பள்ளிகள்),
திருச்சிராப்பள்ளி.

பொருள்: கற்றல் குறைபாடு உள்ள என் மகள் ஜோஸ்வினை (ஏழாம் வகுப்பு) வேறு பள்ளியில் சேர்ப்பதற்காக, அவளது மாற்றுச் சான்றிதழை வழங்குமாறு இப்போதைய பள்ளிக்கு உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தினமும் சிரித்துக்கொண்டே பள்ளிக்குப் போய்வரும் குழந்தையை அங்கிருந்து ஏன் மாற்ற வேண்டும்? தலைமை ஆசிரியை கேட்டார். என் கணவர் செபஸ்தியானும் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாமலேயே இம்மனுவை எழுதுகிறேன்.

1. என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. கற்றல் குறைபாடு இருப்பதாக அரசு மருத்துவக் குழு சான்று அளித்துள்ளது. முதல் வகுப்பிலிருந்தே திருவரங்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் படிக்கிறாள். பள்ளியின் பெயரும் சான்றின் நகலும் இணைப்பில் உள்ளன.

2. அப்பள்ளியில் அவளை யாரும் அடித்ததில்லை, கேலி செய்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. நான்காம் வகுப்பில், பாட நேரத்தில் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து ஓடியவளிடம் பள்ளி மணி அடிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அதன்பின் அவள் இருப்பிடம் வகுப்பறை அல்ல, அலுவலக வராந்தா. ஆசிரியைகளுக்குச் சாக்பீஸ் எடுத்துக் கொடுப்பாள். வருகைப் பதிவேட்டை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோவாள். ஆண்டு விழாவில் மேடைக்கு அழைத்துப் பரிசும் தந்தார்கள். நானும் கைதட்டினேன்.

3. மணி அடிக்கிறாளே, கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொண்டிருப்பாள் என்று நினைத்திருந்தேன். உறவினர்களிடமும் அப்படியே சொல்லிவந்தேன். கடந்த மாதம் ஒருநாள் வீட்டில், மணி என்ன என்று கேட்டேன். அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்குச் சென்று பார்த்தபோதுதான் புரிந்தது. அலுவலக உதவியாளர் நல்லதம்பி நேரம் பார்த்துக் கையை உயர்த்துவார். உடனே இவள் அடிப்பாள். இத்தனை ஆண்டுகளும் அப்படித்தான். “பாப்பாவுக்கு எதுக்குங்க கடிகாரம்? நான் ஒருத்தன் இருக்கேன்ல!” என்று அவர் சிரித்தார். அன்பாகத்தான் சொன்னார்.

4. அவள் தன் பெயரை எழுதுவாள். அதே எழுத்துகளைத் தனித்தனியே காட்டினால் தெரியாது.

5. பாலக்கரைப் பக்கம் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில், இத்தகைய குழந்தைகளுக்கென பானுப்ரியா என்ற சிறப்பு ஆசிரியை இருக்கிறார். அங்கே சேர்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள். இப்போதைய பள்ளி மாற்றுச் சான்றிதழ் தந்து, துறையின் இணையப் பதிவிலிருந்து அவள் பெயரை விடுவித்தால் போதும். இதற்காகத் தலைமை ஆசிரியையைப் பலமுறை சந்தித்தேன். “எங்க பொண்ணு மாதிரி வச்சிருக்கோம்ங்க. எட்டாவது வரைக்கும் ஃபெயிலே கிடையாது. அங்க கொண்டுபோய் அந்தப் புள்ளைய ஏன் வதைக்கிறீங்க?” என்றார். எட்டாவதுக்குப் பிறகு என்ன என்று கேட்டதற்கு, “அப்பப் பாத்துக்கலாம்ங்க” என்றார். கடைசியாகப் போனபோது காபி வரவழைத்துக் கொடுத்தார். சான்றிதழ் தரவில்லை.

6. மாற்றுச் சான்றிதழைத் தாமதமின்றி வழங்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் கூறுவதைத் தாங்கள் அறிவீர்கள். சட்டத்தைச் சொல்லிக் காட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. வேறு வழியும் தெரியவில்லை.

7. அவளை அதிகாரியாக்கும் ஆசையெல்லாம் எனக்கு இல்லை. பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படித்து, சத்திரம் பஸ் நிலையம் போகும் பஸ்ஸில் தானே ஏறத் தெரிந்தால் போதும். எனக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. அவளுக்குக் கை காட்ட எப்போதும் ஒருவர் இருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஆகவே, மாற்றுச் சான்றிதழையும் இணையப் பதிவு விடுவிப்பையும் இம்மாதத்துக்குள் பெற்றுத் தருமாறு வேண்டுகிறேன். யார்மீதும் நடவடிக்கை வேண்டாம். அவர்கள் என் மகளிடம் பிரியமாக இருந்தவர்கள்.

நாள்: 17.11.2024
இடம்: திருவானைக்காவல்

பொறுமையாகப் படித்தமைக்கு நன்றியுடன்,
செ. கேத்தரின்

மறுநாள் சேர்த்தது (18.11.2024):

மனுவை நாளை நேரில் அளிக்கும் முன், இன்று நடந்ததையும் எழுதிவைப்பதே நியாயம். புதிய பள்ளியில் ஒருநாள் வந்து உட்கார்ந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். விடுப்பு எடுத்து அழைத்துச் சென்றேன். பானுப்ரியா முற்பகல் முழுவதும் ‘ப’ என்ற ஒரே எழுத்தைச் சொல்லவும் எழுதவும் வைத்தார். ஜோஸ்வின் வெளியே ஓடினாள். அழைத்து வந்து உட்காரவைத்தார். மறுபடி ஓடினாள், மறுபடியும் அழைத்து வந்தார். பிறகு பென்சிலைத் தூக்கி எறிந்தாள். அவளே எடுத்து வரட்டும் என்று அவர் காத்திருந்தார். வெகுநேரம் கழித்து எடுத்து வந்தாள்.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் நெரிசலில் பஸ் நின்றது. “அந்த மிஸ் என்னை விடவே மாட்டேங்குறாங்கம்மா. நான் இனிமே அங்க வரமாட்டேன்” என்று அழுதாள்.

ஒரு பள்ளியைப் பற்றி அவள் என்னிடம் குறை சொன்னது இதுவே முதல் முறை. மனுவில் எதையும் மாற்றவில்லை.

செ. கேத்தரின்