குளியல் தொட்டியில் ஒரு பீப்பாய்

ஜூன் 24, 1976, வியாழன்

டெர்பியில் இன்றும் மழை இல்லை. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பீப்பாயைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுடுகிறது. உள்ளே நாற்பது பைண்ட் பீர், இருபத்திரண்டு லிட்டருக்கு மேல், என் கையால் காய்ச்சியது, மகள் ஹிலரியின் கல்யாணத்துக்கென்றே. இன்னும் ஒன்பது நாள் தாங்குமா?

ஜூன் 27, ஞாயிறு

சம்பந்தி சிரில் பாக்‌ஷா வந்திருந்தார். முப்பது வருஷமாகப் பப் நடத்துகிற மனுஷர். சும்மா இருந்திருக்கலாம். ருசி பாருங்கள் என்று ஒரு கிளாஸ் பிடித்தேன். சூட்டுக்கு வெறும் நுரையாகப் பொங்கியது.

“குடிக்கக் குடுத்தீங்களா சம்பந்தி, இல்ல சவரம் பண்ணிக்கவா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் போன பிறகு ஹிலரி மெல்லச் சொன்னாள்: “அப்பா, பீர அவங்ககிட்டயே வாங்கிக்கலாமே.”

இருபத்திரண்டு வருஷம் வளர்த்தவன் நான். அவள் கல்யாணத்தில் என் கையால் ஒரு கிளாஸ் ஊற்றக்கூடாதா? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 28

ஈரச்சாக்கு சுற்றினேன். ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது.

ஜூன் 30, புதன்

ஃபிரிட்ஜில் பீப்பாய் நுழையாது. நுழைந்தாலும் என் மனைவி எனிட் விடமாட்டாள், விருந்துக்கான பன்றித்தொடை உள்ளே இருக்கிறது. வீட்டிலேயே குளிர்ந்த இடம் மாடிக் குளியலறைதான். வெயிலே படாது. தொட்டிக்குள் செங்கல் அடுக்கி, அதன்மேல் பீப்பாய். தொட்டியில் நாலு அங்குலம் தண்ணீர். பீப்பாயைச் சுற்றித் துண்டு, அதன் நுனி தண்ணீரில். துண்டு தானாகவே உறிஞ்சிக்கொள்கிறது. சாயங்காலம் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூலை 1, வியாழன்

எனிட் சோப்பும் கையுமாக வந்து நின்றாள்.

“நாளன்னிக்குக் கல்யாணம். பொண்ணு எங்க குளிப்பா?”

எனக்கு இது தோன்றவே இல்லை. சத்தியமாக.

சரி, கீழே இறக்கிவிடலாம் என்றால் – அசைத்தால் அடியில் இருக்கும் கசடு கலங்கிவிடும். மறுபடி தெளிய முழுசாக இரண்டு நாள் வேண்டும். ஆப்பசைத்த குரங்கு நான்தான்.

ஜூலை 2, வெள்ளி

ஹிலரி பக்கத்து வீட்டில் குளித்துவிட்டு, தலையில் துண்டோடு தெருவழியே வந்தாள். “என் கல்யாணத்துல பீர்தான் மாப்பிள்ளை போல” என்றாள். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அடுப்படித் தொட்டியில் முகம் மட்டும் கழுவினேன். பீர் கலங்கலாக வந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஜூலை 4, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை.

சர்ச்சிலிருந்து திரும்பி எல்லோரும் தோட்டத்தில் வெந்துகொண்டிருந்தார்கள். பீர் மாடியில், குளியலறையில் இருக்கிறது என்று சொன்னேன். ஒருத்தரும் அசையவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு தங்கள் ஷூவைப் பார்த்தார்கள். எனிட் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஹிலரிதான் முதலில் எழுந்தாள். வெள்ளைக் கவுனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினாள். “ஊத்துங்கப்பா.”

ஊற்றினேன். நுரை ஒரு விரல் அளவுதான். கீழே கண்ணாடி மாதிரித் தெளிவு. பாதி குடித்துவிட்டு, பின்னாலேயே வந்த மாமனார் சிரிலிடம் நீட்டினாள். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். குடித்தார். கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டினார், சட்டைக் கையை மடித்துவிட்டார், தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்.

“நீங்க போய்ப் பொண்ணோட நில்லுங்க சம்பந்தி, போட்டோ எடுக்கறாங்க. இத நான் பாத்துக்கறேன்.”

அப்புறம் படியெல்லாம் ஜனம். வரிசை தோட்டத்துக் கதவுவரை நின்றது. சாதாரண நாளில் அவருடைய பப்பில்கூட அவ்வளவு கூட்டம் பார்த்ததில்லை. மூன்று மணி நேரம் அவர் எழுந்திருக்கவே இல்லையாம்.

ஆறு மணிக்கு நான் மேலே போனபோது பீப்பாய் காலி. சிரில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“கடைசி கிளாஸ் உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன் சம்பந்தி” என்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை. “மன்னிச்சுக்கங்க. நானே குடிச்சுட்டேன்.”

நான் காய்ச்சிய பீரில் எனக்கு ஒரு சொட்டு கிடைக்கவில்லை. நெஞ்சு நிறைந்து, அவர் பக்கத்தில் தொட்டி விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.