இறைச்சிக்குப் படம் பிடித்தவன்

தம்பி,

உன் கடிதத்தைப் பிரித்தபோது உள்ளே இருந்து ஒரு படம் விழுந்தது. உன் முகத்தைப் பார்க்கலாம் என்று ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அவசரமாய்க் குனிந்து எடுத்தேன். பார்த்தால் இறைச்சி! பாதியாய் வெட்டின ஒரு பீப்பாவுக்குள் தணல், மேலே கம்பி வலை, அதன் மேல் வரிசையாய் ஆட்டு விலா. ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது. அது உன்னுடையதா, சுட்டவனுடையதா என்றுகூடச் சொல்லமுடியவில்லை. நீ செத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து, அதற்கும் ஒன்பது நாள் கழித்து முள்ளியவளைக்கு வந்து சேர்ந்த உன் கடைசிக் கடிதத்தில் இருந்தது இதுதான். என்ன கோதாரிக்கடா இறைச்சியைப் படம் பிடித்தாய்? ஒரு பிலிம் றோலில் உன் மூஞ்சிக்கு ஒரு இடம் இல்லாமல் போச்சா?

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். மூன்றும் இறைச்சிதான். "அக்கா, கண்டுபிடிச்சிட்டன்!" என்று தொடங்குகிறாய். பாரிசுக்குப் போன நாள் தொடக்கம் ஐந்து வருஷமாய் நீ தேடின சுட்ட இறைச்சி, ரயில் கடைசியாய் நிற்கிற ஒரு ஊரில், வாகனம் திருத்துகிற கராஜ் ஒன்றுக்குப் பின்னால், ஒரு அல்ஜீரியாக்காரனிடம் அகப்பட்டதாம். விறகு, வைன் வடிக்கிற முந்திரிகைக் கொடியாம். "எங்கடை வீரை விறகு மாதிரி வராது, எண்டாலும் குறை சொல்லேலாது" என்று எழுதியிருக்கிறாய். குறை சொல்லாமல் நீ எழுதின முதல் கடிதம் இது. பதில் போடத்தான் இனி உனக்கு விலாசம் இல்லை.

பொல்லாத வாயடா உனக்கு. கனகராயன்குளத்தில் இருந்தபோதே அப்படித்தான். மலைநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறின ராமையா அண்ணை எங்கள் பின்வளவில் இருந்தார். வயலை உழக்குகிற பன்றியை அவர் விழுத்தினால் எங்களுக்கும் தேக்கிலையில் ஒரு பங்கு வரும். கறி வைக்க நான் சட்டியைக் கழுவி வருவதற்குள் அதில் பாதியைப் பறித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவிடுவாய். மூன்று கல், வீரை விறகு, பச்சைத் தடியில் கோத்த துண்டுகள். உப்பு, மிளகாய்த்தூள், தேசிக்காய்ப்புளி. அவ்வளவுதான். ஆனால் ஆர்ப்பாட்டமோ கோயில் திருவிழா அளவுக்கு இருக்கும். சுவாலை அடங்கும்வரை ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது. "நெருப்பிலை சுட்டால் கருகும், தணலிலைதான் சுடோணும்" என்று பெரிய விஞ்ஞானி மாதிரிச் சொல்லிக்கொண்டு நிற்பாய். எங்களுக்குப் பசியில் குடல் கருகும்.

ஒருநாள் மழை தூறியது, ஞாபகம் இருக்கா? வீட்டில் இருந்தது ஒரே ஒரு குடை. எனக்கு அப்போது ஏழு மாதம். நான் நனைந்துகொண்டு நிற்க, நீ குடையைத் தணலுக்குப் பிடித்தாய். ராமையா அண்ணைக்கே பொறுக்கவில்லை. "ஏப்பா, புள்ளத்தாச்சிப் பொண்ணு நனையுது, நீ கறிக்குக் கொட புடிக்கிறியே!" என்று வேலிக்கு மேலால் சத்தம் போட்டார். நீ திரும்பியும் பார்க்கவில்லை. "அக்கா காய்ஞ்சிடுவா அண்ணை. இந்தத் தணல் நூர்ந்தால் போச்சு" என்றாய். அன்றைக்குத் தும்புக்கட்டையால் உனக்கு ஒரு அடி போட்டிருக்கவேண்டும். போடாமல் விட்டது என் பிழை. நீ நீட்டின முதல் துண்டை வாங்கித் தின்றதும் என் பிழைதான். அது அப்படி ருசியாய் இருந்தது, என்ன செய்ய?

எங்கள் வீதியால் போகிற ஆர் என்றாலும் மணம் பிடித்துச் சற்று நின்றால், கூப்பிட்டு ஒரு துண்டு கொடுக்காமல் அனுப்பமாட்டாய். அந்தப் பழக்கத்தை அப்படியே பாரிசுக்கும் கட்டிக்கொண்டு போனாயே, அதுதான் விசர். ஆற்றங்கரையில் ஏதோ ஒரு குடும்பம் இறைச்சி சுட்டதாம். நீ பத்தடி தள்ளிப்போய் நின்றாயாம், கூப்பிடுவார்கள் என்று. அரை மணித்தியாலம்! அவர்கள் உன்னைப் பார்த்துவிட்டுத் தங்கள் பைகளைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டார்களாம். "இவங்களுக்கு ஒரு மனுசனைக் கூப்பிடத் தெரியாது அக்கா" என்று பழியையும் அவர்கள் தலையிலேயே போட்டிருந்தாய். இங்கே எனக்கு வெட்கத்தில் மூஞ்சி எரிந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கடிதமும் ஒரு கடையைப் பற்றிய முறைப்பாடு. ஒரு இடத்தில் இறைச்சியை வெட்ட இரத்தம் வந்ததாம். இன்னும் கொஞ்சம் சுடச் சொல்லி இரண்டு தரம் திருப்பி அனுப்ப, சமைக்கிறவனே வெளியே வந்து கத்தினானாம். இன்னொரு இடத்தில் இறைச்சியைத் தூண் மாதிரி நட்டுச் சுற்றவிட்டு, கத்தியால் வழித்துப் பாணுக்குள் வைக்கிறார்களாம். "இது சுட்டதில்லை, சுத்தினது" என்று எழுதினாய். ஒரு கோழிக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். நானும் வாசித்துவிட்டுச் சிரிக்கத்தான் செய்தேன், முதல் இரண்டு வருஷம்.

பேந்து சண்டை கிட்ட வர, நாங்கள் கனகராயன்குளத்தை விட்டு எழும்பினோம். ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடம், அங்கிருந்து இங்கே. சவுக்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பனடோல் இல்லை. முள்ளியவளையில் நிவாரண அரிசி வரிசையில் நின்றபோது உன்னுடைய ஒரு கடிதத்தை யாரோ கொண்டுவந்து கையில் தந்தார்கள். கொட்டிலில் பிள்ளை மலேரியாக் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். அதுதான், அந்த மழைக்குள் என் வயிற்றில் இருந்தவள். நான் வெயிலில் நின்று உன் கடிதத்தைப் பிரித்தேன். இந்த முறை நீ போன கடையில் கோழி காய்ந்து போயிருந்ததாம். எலும்போடு ஒட்டிக்கொண்டு, கழன்று வரவில்லையாம்.

வரிசையில் நின்ற சனம் திரும்பிப் பார்க்க வாய்விட்டு ஏசினேன். வந்த கையோடு உனக்கு எழுதினேன். எழுதினது ஒவ்வொரு சொல்லும் எனக்குப் பாடம்: "பிள்ளைக்கு மலேரியா. நாங்கள் கூரை ஒழுகிற கொட்டிலுக்குள்ளை கிடக்கிறம். உனக்கு அங்கை கண்டறியாத கோழி காய்ஞ்சு போச்சோ? இனி இறைச்சியைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் வாசிக்காமல் அடுப்புக்குள்ளை போடுவன். மனுசரைப் பற்றி எழுதத் தெரிஞ்சால் எழுது. இல்லாட்டி எழுதாதை."

நீ எழுதவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், எட்டு மாதம். ரோசக்காரன், கோபித்துக்கொண்டான் என்று இருந்தேன். நானாவது இன்னொரு கடிதம் போட்டிருக்கலாம். எனக்கும் வீம்பு. பிறகு வவுனியாவுக்கு ரெலிபோன் வந்து, அங்கிருந்து ஆள்மூலம் செய்தி வந்தது. வேலை செய்கிற குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே குந்தினானாம், பிறகு எழும்பவில்லையாம். அன்று தொடக்கம் ஒரே ஒரு விஷயம்தான் என்னை அரித்தது. "எழுதாதை" என்று சொன்னதுதான் நான் உனக்குச் சொன்ன கடைசிச் சொல். அதை நெஞ்சில் வைத்துக்கொண்டா போனாய்? ஆரைக் கேட்கிறது?

இன்றைக்கு வந்த மூன்று பக்கத்திலும் அதைத்தான் தேடினேன். ஒரு சொல் இல்லை. விலா இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது, அல்ஜீரியாக்காரனின் மீசைகூட இருக்கிறது. நான் ஏசினது பற்றி மூச்சில்லை. கடிதத்தைச் சுருட்டி எறியப் போனேன். அப்போதுதான் பின்னால் மடித்து வைத்திருந்த துண்டைக் கண்டேன். உன்னோடு ஒரே அறையில் இருந்தவர் எழுதியிருந்தார்.

"அக்கா, இந்தக் கடிதம் அவன்ரை கோட்டுப் பைக்குள்ளை கிடந்தது. படம் கழுவி வந்த உடனை போடுறதெண்டு வைச்சிருந்தவன். இப்பதான் படம் வந்தது, நான் போடுறன். நீங்கள் ஏசி எழுதினாப் பிறகு மூண்டு கடிதம் போட்டவன், கிடைச்சுதோ தெரியாது. அதுக்கு முந்தி உங்களிட்டையிருந்து கனகாலம் ஒண்டும் வரேல்லை எண்டு ஆள் சரியாய்ச் சாப்பிடாமல், ஒருத்தரோடையும் கதையாமல் திரிஞ்சவன். பேந்துதான் உங்கடை அந்தக் கடிதம் வந்தது. அதை எங்கடை அறைக் குசினிச் சுவரிலை ஒட்டி வைச்சு, வாற ஆக்கள் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினவன். 'அக்கா ஏசுறா, அப்ப சுகமாய்த்தான் இருக்கிறா' எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சவன். அது இன்னும் சுவரிலைதான் இருக்கு. கழட்ட மனம் வரேல்லை."

முதல் தரம் வாசித்தபோது விளங்கவில்லை. மூன்றாம் தரம் 'சுகமாய்த்தான் இருக்கிறா' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வாசித்தேன். அந்த மூன்று கடிதமும் எந்தக் காட்டுக்குள் கிடக்கிறதோ. அவைக்குள்ளும் இறைச்சிதான் இருந்திருக்கும், எனக்குத் தெரியும். அவற்றை அடுப்புக்குள் போட்டிருக்கமாட்டேன், தம்பி. ஒருநாளும் போட்டிருக்கமாட்டேன்.

ஆனால் உன்னை விடமாட்டன். அல்ஜீரியாக்காரன்ரை மீசையை எழுதத் தெரிஞ்ச உனக்கு, நெஞ்சு நோகுதெண்டு எழுதத் தெரியேல்லையோ? ஒரு டொக்டரிட்டைப் போனியோ? முப்பத்தாறு வயசிலை போகச் சொல்லி உனக்கு ஆரடா சொன்னது? சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிப் போறதுக்கு இதென்ன சாப்பாட்டுக் கடையே? விசரா. மடையா. தறுதலை. கேக்குதோடா? ஏசுறன்.

சுகமாய்த்தான் இருக்கிறன்.