பீரோவுக்கு வைத்த பஸ்ஸர்

14 ஆகஸ்ட் 1998, வெள்ளி

போன வாரம் என் கைக்கடிகாரம் காணாமல் போனது. என்னைத் தவிர, வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு மேரியக்காவிடம் மட்டும்தான் இருக்கிறது. அவரிடம் எதுவும் கேட்கவில்லை. பிரெட்போர்டில், அதாவது சர்க்யூட் மாட்டிப் பார்க்கும் துளைப் பலகையில், ஒரு டிரான்சிஸ்டர், பஸ்ஸர், பாட்டரி எல்லாம் மாட்டி, பூட்டில்லாத பீரோவுக்குள் வைத்தேன். கதவைத் திறந்தால் அலறும்.

இன்று சாயங்காலம் நல்ல மழை. பஸ் இறங்கி ஈஜிபுராவில் எங்கள் சந்துக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. சர்க்யூட் வேலை செய்கிறது, ஆளும் மாட்டியாயிற்று என்று ஓடினேன்.

வாசலில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். "ஏனாயித்து?" என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டபடி வீட்டுக்கார அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தார். பீரோ முன்னால் மேரியக்கா திகைத்துப்போய் நின்றிருந்தார். கையில் மடித்த என் சட்டைகள்.

"மழை வருதேன்னு மாடியிலிருந்து உன் துணிய எடுத்தாந்தேன்ப்பா. உள்ள வெக்கலாம்னு தொறந்தா இது கத்துது."

"சும்மா டெஸ்ட் பண்ணி வெச்சிருந்தேன்க்கா," என்றேன். சாவியை நான்தான் கொடுத்தேன் என்று அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்லியிருக்க வேண்டும்.

அக்கா பஸ்ஸரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. சட்டைகளைக் கட்டிலில் வைத்துவிட்டு, முந்தானை முடிச்சிலிருந்த சாவியை அவிழ்த்து நீட்டினார்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும்ப்பா."

வாங்கிக்கொண்டேன்.

அக்கா வீட்டில் இன்னும் விளக்கு எரிகிறது. போய்க் கதவைத் தட்டலாம். தட்டிவிட்டு என்ன சொல்வது?