வெங்காயம் இல்லாத படம்

ஜூன் 3, 2025
நைனார்பாளையம் காதுகுத்து ஆல்பம் இன்றும் முடியவில்லை. ஏதோ உலகப் புகைப்படப் பரிசாம், அதற்கு நானும் ஒரு நடுவர். கள்ளக்குறிச்சி ஸ்டுடியோக்காரனைப் போய் ஏன் பிடித்தார்களோ! படங்கள் வந்து குவிகின்றன. எடுத்தவர் பெயர் கிடையாது, தலைப்பு மட்டும்தான்.

ஜூன் 7
அடப்பாவி! ‘பசி’ என்று ஒரு படம். அடுப்பருகே கண்ணீர் வழிய ஒரு பெண் — நம்ம வெள்ளிமலை ராணியம்மாள் அக்கா! போன தை மாதம் அவர் மகள் கல்யாணத்துக்கு நான்தான் போட்டோகிராபர். முந்தின சாயங்காலம் பந்திக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மலை சுற்ற வந்த ஒருவன் கேமராவோடு நுழைந்தான். அவனுக்கும் இலை போட்டார்கள். தின்றுவிட்டு, படத்திலிருந்து வெங்காயக் குவியலை வெட்டியெறிந்துவிட்டு முகத்தை மட்டும் அனுப்பியிருக்கிறான்.

ஜூன் 14
ஆன்லைன் கூட்டம். இவரை எனக்குத் தெரியும், இது பசி இல்லை, வெங்காயம் என்றேன். தலைவி மரியாதையாகத்தான் சொன்னார்: தெரிந்தவர் படம் வந்தால் அந்த நடுவர் விலகிக்கொள்ள வேண்டும், விதி அப்படி. நான் சொன்ன தகவலும் கணக்கில் வராதாம். என் மைக்கை அணைத்துவிட்டார்கள். மற்ற நால்வரும் அந்தக் கண்ணீரைப் பற்றியே பேசினார்கள்.

ஜூன் 15
முதல் பரிசு. வேறெதற்கு?

ஜூலை 2
பேப்பரில் வந்துவிட்டது. யாரோ புண்ணியவான் அக்கா வீட்டில் அரிசி மூட்டை இறக்கிப் போயிருக்கிறார். கரியாலூர் சம்பந்தி வீட்டில், சோத்துக்கு இல்லாத வூட்லயா பொண்ணு எடுத்தோம் என்று பேச்சாம். மகள் சாப்பிடாமல் கிடக்கிறாளாம்.

ஜூலை 6
மலைக்குப் போனேன். அக்கா உட்காரக்கூடச் சொல்லவில்லை.
“நீயும் ஜட்ஜுனு சொல்லிக்கினு இருந்தியே, வாயத் தொறக்கலியா?”
சொன்னேன், தெரிந்தவன் சொன்னால் செல்லாதாம் என்றேன்.
“தெரியாதவங்க சொன்னாதான் செல்லுமா? இன்னா பஞ்சாயத்துப்பா இது.”
வெங்காயத்தோடு நீ எடுத்த படத்தையாவது சம்பந்திக்குக் காட்டு என்றார். என்னிடம் ஏது? தாலி, மாலை, மேடை, அவ்வளவுதான். வெங்காயம் உரிப்பதை எந்த ஸ்டுடியோக்காரன் எடுக்கிறான்? சே.

அக்டோபர் 20
அடுத்த வருடமும் நடுவராக இருக்கச் சொல்லி மெயில். பதில் போடவில்லை.

நவம்பர் 8
நாளை அக்கா மகளுக்கு வளைகாப்பு. இன்றே வரச் சொல்லியிருந்தார். சம்பந்தியம்மாவையும் வெங்காயம் உரிக்க உட்கார வைத்துவிட்டார். இருவர் கண்ணிலும் பொலபொலவென்று தண்ணீர். குவியல் முழுக்க விழும்படி தள்ளி நின்று எடுத்தேன்.
சம்பந்தியம்மா கேமராவை வாங்கி, கண்ணீரையும் குவியலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “எங்க வூட்டுக்கும் ஒண்ணு பெருசா போட்டுக் குடுப்பா” என்றார்.