சந்தனப் பொட்டுக்குக் கீழே இருந்த சம்பளம்

சூர்யா, இதைப் போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுகிறேன். போன் என்றால் நான் உன் சாப்பாடு, புனே மழை, உன் தலைமுடி கொட்டுவது என்று எங்கெங்கோ போய், சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். உன் அம்மா வேறு பக்கத்தில் நின்றுகொண்டு ஸ்பீக்கரில் போடச் சொல்வார்கள். இது உனக்கு மட்டும். தணிகைமலையான் புண்ணியத்தில் நீ சுகமாக இருப்பாய். இங்கே உன் அப்பா, அம்மா நலம். உன் கௌரி அத்தைக்கு முட்டி மட்டும் நலமில்லை.

தீபாவளி வியாபாரம் ஓய்ந்துவிட்டது. நாலு நாளாகத் தூறல். நம் ஜவுளிக்கடை வாசலில் நின்று பார்த்தால் மலையைக் காணவில்லை, மேகம்தான் இருக்கிறது. மணிச்சத்தம் மட்டும் எங்கிருந்தோ இறங்கி வருகிறது. இந்த மாதிரி நாளில் எனக்கு ஒரு மயக்கம். புடவையை மடிக்கிறேனா மேகத்தை மடிக்கிறேனா என்றே தெரிவதில்லை. அம்மையார்குப்பத்திலிருந்து புது லோடு வந்திருக்கிறது. அதில் ஒரு பச்சை, மயில் கழுத்தைப் போல. உன் அம்மாவுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கடையில் கல்லாவுக்கு மேலே சாமி படங்கள் இருக்கிறதே, முருகர், லட்சுமி, உன் தாத்தா, அந்த வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு சர்க்கார் காகிதமும் உண்டு. எப்போதோ ஒரு அதிகாரி வந்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மாட்டுங்கள் என்று சொல்லி மாட்டியது. தினமும் கடை திறந்ததும் படங்களுக்குப் பொட்டு வைப்பது என் வேலை. சட்டம் போட்டு மாட்டிய எதையும் வெறுமனே விட எனக்கு மனசு வராது. கடை லைசென்ஸாக இருக்கும், அது நன்றாக இருந்தால்தானே நமக்குச் சோறு என்று அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். வெள்ளிக்கிழமை பூவும் வைத்தேன். என் கை எட்டுகிற உயரம் ஒன்றுதான். பொட்டு எப்போதும் அதே இடத்தில் விழுந்து, சந்தனம் சின்ன அடை மாதிரி காய்ந்து கிடந்தது.

இந்தச் சரஸ்வதி பூஜைக்குத்தான் முதல் முறையாகப் படங்களைக் கழற்றி ஈரத்துணி போட்டு ஊற வைத்தேன். சந்தனம் கரைந்து வர வர உள்ளே எழுத்து தெரிந்தது. முதலில் ஏதோ பட்டுப்புடவை விலை என்று நினைத்தேன். எட்டாவது வரை படித்தவள்தானே, எழுத்துக் கூட்டிப் படித்தேன். கடையில் நின்று விற்கிறவர்களுக்கு மாதச் சம்பளம் இதற்குக் குறையக் கூடாது என்று போட்டு, பக்கத்தில் தொகை. என் கைக்கு வருவதைவிட நாலாயிரத்துச் சொச்சம் அதிகம். கையில் இருந்த துணியைப் பிழியவே மறந்துவிட்டேன். தண்ணீர் சொட்டித் தரையெல்லாம் ஈரம்.

ரெடிமேட் பிரிவில் லில்லி இருக்கிறாள், அரக்கோணத்திலிருந்து ரயிலில் வருகிறவள். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இன்னாக்கா, இத்தினி வருசமா உன் சம்பளத்து மேலயே பொட்டு வச்சு மூடிகினு கீறியே என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கல்லாவில் உட்காரும் சின்னப் பெண் துர்கா மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு இதைவிடக் கொறச்சல் அத்த என்றாள்.

அன்று சாயங்காலமே உன் அப்பாவிடம் கேட்டேன். சண்டையாக இல்லை, சந்தேகமாகத்தான் கேட்டேன். அதெல்லாம் மெட்ராஸ் கடைங்களுக்குக் கௌரி, நம்ம ஊருக்கு இல்ல, நீ இன்னா வேலக்காரியா, வூட்டு ஆளு, உனுக்கு எதுக்கு சர்க்காரு ரேட்டு என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் அந்தச் சந்தோஷத்திலேயே வந்து போனேன். மூன்றாம் நாள் லில்லி கேட்டாள். வூட்டு ஆளுன்னா ஒக்கார ஒரு ஸ்டூல் போடச் சொல்லேன் பார்ப்போம் என்று.

உன் அப்பா கெட்டவர் என்று நான் சொல்லவே மாட்டேன். என் வீட்டுக்காரர், உன் மாமா, படுக்கையில் கிடந்தபோது ஆஸ்பத்திரிச் செலவில் பாதி அவர் கொடுத்ததுதான். வருஷா வருஷம் தீபாவளிக்குப் புடவை உண்டு. ஆனால் அந்தக் காகிதம் நம் ஊருக்கும் சேர்த்துத்தான் சூர்யா. லில்லியின் தம்பி விசாரித்துவிட்டான். புடவையும் ஸ்வீட்டும் சம்பளத்தில் சேராதாம்.

இப்போது என் கவலை வேறு. டாக்டர் பொங்கலோடு நிற்கிற வேலையை விட்டுவிடச் சொல்லிவிட்டார். முட்டியில் ஒன்றும் மிச்சமில்லையாம். விலகும்போது வேலை பார்த்த வருஷத்தை எண்ணி, வருஷத்துக்கு இவ்வளவு என்று பணம் உண்டாம். பத்துப் பேராவது வேலை செய்கிற கடைக்கு அது சட்டமாம். நாங்கள் பன்னிரண்டு பேர் இருக்கிறோமே. குறைந்தது ஐந்து வருஷமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். நான் தாராளமாகப் பார்த்துவிட்டேன். ஆனால் புதுக் கட்டடம் கட்டியபோது அப்பா புது ரிஜிஸ்டர் போட்டார் இல்லையா, அதில் நான் சேர்ந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. கேட்டால், அதுக்கு முன்ன வந்துகினு இருந்தேன்னா இன்னா ஆதாரம் கீது கௌரி என்றார். சொல்லிவிட்டுத் தராசைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டார். ஜவுளிக்கடையில் தராசு ஏது? கையில் இருந்த கால்குலேட்டரைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னது போகட்டும், அந்த முகம் திரும்பியதுதான் எனக்கு இறங்கவே மாட்டேன் என்கிறது.

எந்த வருஷம், எந்தத் தேதி சேர்ந்தேன் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. இருபது வருஷமா, இருபத்தைந்தா? மழை நாள் என்பது மட்டும் ஞாபகம். நேற்று மதியம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் அலமாரியில் சாய்ந்தபடி கண் அசந்துவிட்டேன். நின்றுகொண்டே தூங்க எனக்குப் பழக்கம். ஒருவர் வந்து மஞ்சள் வேட்டி கேட்கிறார். கசங்கின சட்டை, நெற்றி நிறைய விபூதி. பிரிக்கிறேன், பிரிக்கிறேன், வேட்டி முடியவே இல்லை. கடையைத் தாண்டி, தெருவைத் தாண்டி, சரவணப் பொய்கைத் தண்ணீர் மேல் மிதந்து, படிப் படியாக மலைமேல் ஏறுகிறது. படியெல்லாம் மஞ்சள். அவர் விலை கேட்கவில்லை. எத்தினி நாளாம்மா நிக்கிற என்று கேட்டார். விரல் மடக்கி எண்ணப் பார்க்கிறேன், வேட்டிதான் மடங்குகிறது. வந்தவர் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. விழித்துப் பார்த்தால் கை மட்டும் காற்றை மடித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை லில்லியும் துர்காவும் திருவள்ளூர் தொழிலாளர் ஆபீசுக்குப் போய் மனு கொடுக்கிறார்கள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டு, எனக்கு நடுவில் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். நான் போடாவிட்டால் அவர்கள் சொல்வது எடுபடாது, மூத்தவள் நான்தான். போட்டால் உன் வீட்டு வாசலில் அப்புறம் எந்த முகத்தோடு நிற்பேன்?

நீ அப்பாவிடம் பேசு நைனா. நீ சொன்னால் கேட்பார். உனக்கு மாதம் பிறந்தால் சம்பளச் சீட்டு போனிலேயே வந்துவிடுகிறது, எதற்கு எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கிறது என்று உன் அம்மா பெருமையாகச் சொன்னார். அந்த மாதிரி ஒரு சீட்டு எங்களுக்கும் கொடுக்கச் சொல். காகிதத்தில் உள்ள தொகையைக் கொடுக்கட்டும், என் வருஷங்களை என் பேரில் எழுதட்டும். ஆபீஸ் வேண்டாம், அதிகாரி வேண்டாம், கடைக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம். வியாழக்கிழமை இருட்டுவதற்குள் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வராவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவேன். இதை உனக்குத் தெரியாமல் செய்யக் கூடாது என்றுதான் எழுதினேன்.

மலையில் இருக்கிறவன் உன்னை எப்போதும் நிழலில் உட்கார வைத்துச் சம்பாதிக்க விடட்டும். முட்டி வலி என்றால் என்னவென்றே தெரியாமல் நூறு வயது இரு.

உன் அத்தை,
கௌரி

கவரை ஒட்டப் போனவள் திரும்ப எடுத்து எழுதுகிறேன், இப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் சேர்ந்த அன்று உன் அப்பா கடையில் தங்கவில்லை. வேலைக்கு வந்து நின்ற என் கையில் சாவியைக் கொடுத்து, பாத்துக்கம்மா என்று சொல்லிவிட்டு, மழையோடு அரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு நனைந்துகொண்டு வந்து, பையன் பொறந்துக்கிறான் கௌரி என்று என் கையில் ஒரு பிடி கல்கண்டு வைத்தார். நீ பிறந்த தேதிதான் நான் வேலைக்குச் சேர்ந்த தேதி.