ஆணியில் தொங்கும் சட்டை

என் உயிருக்கு உயிரான ஸ்டீபன் அண்ணனுக்கு,

கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த நீ, பேய்த் தொடர் எடுக்கப் போகிறேன் என்றபோது விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிடியில் போட்டு அனுப்பிய அந்த முதல் பகுதி சென்னை டிவிக்காரர்களுக்குப் பிடித்துவிட்டதாம். நீ போய்ச் சேர்ந்த பிறகுதான் பிடிக்க வேண்டுமா? உன் மேல் கோபம் கோபமாக வருகிறது.

ஆம்பூரில் மூடிக் கிடந்த தோல் பதனிடும் டேனரியில் எடுத்தோமே, தோலைப் போட்டு மோட்டாரில் சுழற்றும் அந்தப் பெரிய மர டிரம்மை வைத்து. அதைக் கழுவ உள்ளே இறங்குகிறவர் மோட்டார் பக்கத்து ஆணியில் தன் சட்டையை மாட்டிவிட்டுத்தான் இறங்குவார். சட்டை தொங்கினால் யாரும் மோட்டாரைப் போட மாட்டார்கள். உன் கதையும் அதில்தான் தொடங்கியது. கணவன் சட்டையை மாட்டிவிட்டு உள்ளே போகிறான். சாப்பாட்டுக் கூடையோடு மனைவி வருகிறாள், அது நான். உள்ளேயிருந்து தட்டும் சத்தம். டிரம்மின் கதவைத் திறந்தால் ஆள் இல்லை. மூடினால் மறுபடியும் தட்டுகிறது. அத்தோடு முதல் பகுதி முடிந்தது.

"யாருண்ணா தட்றது?" என்று உன்னை எத்தனை முறை நச்சரித்திருப்பேன்!

"சொன்னா உன் மூஞ்சே காட்டிக் குடுத்துடும். தெரியாமலே நில்லு," என்றாய்.

நின்றேன். அடுத்த மாதமே உன் நெஞ்சு நின்றுபோனது.

டிவி மேலாளர் போனில், "கதையோட முடிவு தெரியுமாம்மா?" என்று கேட்டார். "தெரியும் சார்" என்று வாயில் வந்துவிட்டது. தெரியாது என்றால், வெள்ளைப் புடவைப் பேய் ஒன்றை அவர்களே உள்ளே உட்கார வைத்துவிடுவார்களாம். உன் கதையில் வெள்ளைப் புடவையா? வெள்ளிக்கிழமை நேரில் போய் முடிவைச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது.

வேறு வழி தெரியாமல் வியாழக்கிழமை டேனரிக்கே போனேன். காவலுக்கு இருக்கும் கரீம் பாய் திறந்துவிட்டார். அண்ணா, கணவனின் சட்டை என்று நீ கழற்றி மாட்டிய உன் நீலக் கட்டம் போட்ட சட்டை அந்த ஆணியிலேயே தொங்குகிறது! அடுத்த பகுதிக்கு அப்படியே இருக்கட்டும் என்று பனியனோடு வீட்டுக்கு வந்தாயே, அதே சட்டை.

"இன்னா பாய், இத எடுத்து வெக்கலியா?"

"எப்டிம்மா எடுக்கறது? மாட்டுனவரு எடுக்கணும். இல்லன்னா அவர் வூட்டு ஆளுங்க எடுக்கணும். டிரம்ம வாங்க வந்தவங்களக்கூட திருப்பி அனுப்பிட்டேன். நீயே எடுத்துக்கினு போ."

கையைத் தூக்கினேன். ஆணி வரை போன கை அதற்கு மேல் போகவில்லை. எடுத்துவிட்டால் நீ இல்லை என்று நானே சொன்னதாகிவிடும். அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அழுது முடித்தபோதுதான் புரிந்தது. கதையில் வரும் அந்த மனைவியாலும் சட்டையை எடுக்க முடியாது. அவள் எடுக்காதவரை செத்துப்போன அவனாலும் போக முடியாது, தட்டிக்கொண்டேதான் இருப்பான். அடைபட்டிருப்பது இரண்டு பேரும்தான். இதைத்தான் மறைத்தாயா? இல்லை, உனக்கே தெரியாமல்தான் என்னிடம் பந்தா காட்டினாயா?

"உள்ள யாருன்னு கடைசிலதான் சார் சொல்வேன். இப்பவே சொல்லிட்டா யார் பாப்பாங்க?" என்றேன் வெள்ளிக்கிழமை மேலாளரிடம். அவர் என் முகத்தையே பார்த்தார். அது எதையும் காட்டிக்கொடுக்கவில்லை அண்ணா. வெள்ளைப் புடவையைக் கைவிட்டுவிட்டார்கள்.

கடைசிப் பகுதியில் அந்தச் சட்டையை நான்தான் எடுப்பேன். ஒரே டேக். கை நடுங்காமல் எடுப்பேன், இது சத்தியம். அதுவரைக்கும் தட்டிக்கொண்டே இரு.

வெளியே சாப்பாட்டுக் கூடையோடு நிற்கும்
உன் தங்கச்சி ஜெபா