மீசை வைத்த சுவரொட்டி

தேவரியா,
சிவராத்திரிக்கு மறுநாள்.

அன்பு மகன் லல்லனுக்கு அம்மாவின் ஆசி.

இங்கே நான், உன் தம்பி விபுல், அவன் மனைவி மஞ்சரி, பிள்ளைகள், பின்கட்டு எருமைகள் எல்லோரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்க வேண்டிய அவசியமில்லாமல் பத்திரிகைக்காரர்களே எழுதிவிட்டார்கள். கண்ணில் புரை எடுத்த பிறகு எனக்குப் பொடி எழுத்து பிடிபடுவதில்லை, மஞ்சரிதான் படித்துக் காட்டினாள். நல்ல பெண், சில வரிகளை விழுங்கப் பார்த்தாள், விழுங்காதேடி, பெரியவன் பம்பாயில் இத்தனை வருஷம் இருந்து சம்பாதித்தது இதுதான், ஒன்று விடாமல் படி என்றேன். 'ஒரு அரசியல் குடும்பம் படம் முழுக்கக் கத்துகிறது, நமக்குக் காதுதான் வலிக்கிறது, மனசு வலிக்கவில்லை' என்று டெல்லிப் பத்திரிகையில் போட்டிருக்கிறான். லக்னோ பத்திரிகையில் ஒரு பெண், 'இயக்குநர் இப்படி ஒரு வீட்டுக்குள் ஒரு நாளாவது போயிருக்கிறாரா' என்று கேட்டிருக்கிறாள். மஞ்சரி அந்த இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அழுதாளா சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை. இருமல் விட்டதா, அங்கே கடற்காற்றில் ராத்திரி ஜன்னலைத் திறந்து வைக்காதே.

போனில் பேசியிருக்கலாம், பேசினால் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். போன வாரம் நீ விபுலைக் கூப்பிட்டுப் பேசியதை அவன் அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டான். வரப்போகும் தேர்தலில் உன் அப்பா பாபுஜியின் தொகுதியில் நீ நிற்கப்போகிறாயாம், வாரிசுக்குக் கட்டும் தலைப்பாகையை அன்று நீயாகத்தான் அவன் தலையில் வைத்தாயாம், இப்போது திருப்பிக் கேட்கிறாயாம். அந்த அசடு, 'அம்மா, அண்ணன் வாய்விட்டுக் கேக்குறாரும்மா, குடுத்திடட்டுமா, அங்க அவருக்கு இனிமே யாரும் படம் குடுக்க மாட்டாங்களாம்' என்று என் எதிரில் வந்து நிற்கிறான். அதற்குப் பதில் இந்தக் கடிதம். முதலில் ஊர்ச் செய்தி.

உன் படம் இங்கே வந்த அன்று விபுல் கொட்டகை முழுவதையும் பிடித்துக் கட்சிக்காரர்களை ஏற்றி அனுப்பினான், நானும் போனேன். முதல் பாட்டு முடிவதற்குள் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள், மீதிப்பேர் வேர்க்கடலை உரித்தார்கள். திரையில் பாபுஜி செத்தபோது நம் பழைய டிரைவர் சுதாமா மட்டும் தேம்பினான், எனக்கே மனசு இளகிவிட்டது, பிறகு கேட்டால் கால் மரத்துப்போச்சாம். வெளியே வந்ததும் என் அண்ணன், உன் திரிலோகி மாமா, 'ஏம்மா, இதுல நான் யாரு, அந்தக் கண்ணாடி போட்ட கணக்குப்பிள்ளையா' என்று ஒரே சண்டை. எதிரணி திவாரிஜி ஒரு கூடை லட்டு அனுப்பி, 'உங்க பையன் எங்க வேலையைச் செஞ்சிருக்கான், அதையும் சரியாச் செய்யலையே' என்று ஆளிடம் சொல்லிவிட்டார். லட்டு நன்றாக இருந்தது, நெய்யில் குறை வைக்கவில்லை.

நம் வீட்டை வெளியே போட்டுவிட்டாய் என்று நான் கோபித்திருப்பதாக விபுலிடம் சொன்னாயாம். அதற்கில்லை. வெளியே போட்டதாவது உருப்படியாகப் போட்டிருக்கக் கூடாதா. உன் படத்து அம்மா வெள்ளைப் புடவையில் சமையலறையை விட்டு நகரவே மாட்டேன் என்கிறாள், ஹல்வா கிண்டுகிறாள், கிண்டிக்கொண்டே அழுகிறாள், மகன்கள் அடித்துக்கொண்டால் கடவுள் படத்துக்கு முன்னால் போய் விழுகிறாள். டெல்லிக்காரன் எழுதியதில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்: 'இந்த வீட்டில் அரசியல் செய்வது யார் என்பது கடைசிவரை படத்துக்குத் தெரியவில்லை.' அந்த இடத்தை மஞ்சரியைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். உன் பாபுஜியின் சிதை ஆறுவதற்கு முன்னால் கட்சி ஆட்கள் வந்து முன் அறையில் உட்கார்ந்தபோது அவர்களோடு பேசியது நீயா, விபுலா. நான் அன்று அழவில்லை என்று உன் அத்தைகள் இன்றைக்கும் குறை சொல்கிறார்கள், நீ எனக்கு அழுவதற்கு ஒரு முழுப் படமே கொடுத்துவிட்டாய்.

இப்போது பாகைக்கு வருகிறேன். படத்தில் பதின்மூன்றாம் நாள் சடங்கில் மூத்தவன் எழுந்து நிற்கிறான், தலையில் கட்டிய பாகையைக் கழற்றுகிறான், ரத்தம் பட்ட நாற்காலி எனக்கு வேண்டாம் என்று பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான், மழை வேறு. அன்று நம் முற்றத்தில் அனல்காற்று அடித்தது, மழை எங்கிருந்து வந்தது. போகட்டும். டெல்லிக்காரன் அந்தக் காட்சியில் ஒரு பிழை கண்டுபிடித்திருக்கிறான். சடங்கு மத்தியானம் முடிகிறது, சாயங்காலம் ஊர்ச் சுவரெல்லாம் தம்பி பாகையோடு இருக்கும் சுவரொட்டி, 'அச்சகத்தைப் பேய் நடத்துகிறதா' என்று கேட்கிறான். அதோடு விட்டானா, சடங்கில் தம்பிக்கு மழித்த முகம், சுவரொட்டியில் முறுக்கிய மீசை, 'அரை நாளில் மீசை முளைக்கும் ஒரே குடும்பம்' என்று எழுதியிருக்கிறான். கட்சி ஆபீசில் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை. நீ பிழை செய்யவில்லை லல்லன். நம் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அந்தச் சுவரொட்டியைத்தான் மீசை உட்பட அப்படியே எடுத்திருக்கிறாய். படம் பார்க்க வந்த யாரோ ஒருவனுக்கு ஒரே பார்வையில் தோன்றிய கேள்வி, அதன் கீழே உட்கார்ந்து இத்தனை வருஷம் சோறு தின்ற உனக்குத் தோன்றவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மகன்கள் மீசை எடுப்பது பத்தாம் நாள், பாகை கட்டுவது பதின்மூன்றாம் நாள். அப்படியானால் அந்தப் போட்டோ எப்போது எடுத்தது. வேறு யார் கல்யாணத்திலோ எடுத்தது என்று நினைத்தாயா, கல்யாணத்துக்கு எவன் வெள்ளைப் பாகை கட்டுவான்.

நீ பாபுஜியின் அஸ்தியை எடுத்துக்கொண்டு பிரயாகைக்குப் போன அன்று எடுத்தது. பாகைத் துணி தாய்மாமன் வீட்டிலிருந்துதானே வர வேண்டும், திரிலோகி அண்ணனை முன்கூட்டியே கொண்டுவரச் சொன்னேன், மாடி அறையில் விபுல் தலையில் அவரே கட்டிவிட்டார், போட்டோக்காரன் எடுத்தான், துணியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். விபுலிடம் இது நீயே ஆசைப்பட்டுச் சொன்னதுதான் என்றேன், அவன் யாரையும் சந்தேகப்படத் தெரியாத பிள்ளை, இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறான். சுவரொட்டி வந்து இறங்கியபோது நீ வீட்டில்தான் இருந்தாய். கொள்ளி போட்டவன் காரியம் முடிகிறவரை தரையில்தான் படுக்க வேண்டும், நீ கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தாய், மாடியில் உன் அறை காலி. உன் கட்டிலுக்கு அடியில்தான் அடுக்கி வைத்தேன்.

மூத்தவனைக் கேட்காமல் கட்டினால் பங்காளிகள் பேசுவார்கள், அதனால் முதலில் உன் தலையில் வைத்துத்தான் ஆக வேண்டும். நீயே கழற்ற வேண்டும். அதற்குத்தான் சாயங்காலம் சாயங்காலம் உன் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாபுஜி செய்ததையெல்லாம் சொன்னேன், அடிதடி, பொய் வழக்கு, படகுத்துறைக் குத்தகைக்காரனைக் கொன்று ஆற்றில் போட்டது. நீ காதைப் பொத்திக்கொண்டு அழுதாய். அதில் பாதி என் கற்பனை. அந்தக் குத்தகைக்காரன் கோரக்பூரில் மிட்டாய்க் கடை வைத்திருக்கிறான், திவாரிஜியின் லட்டுகூட அவன் கடையில் வாங்கியதுதான். நீ அவனை உன் படத்தில் இடைவேளைக்கு முன்னால் சாகடித்திருக்கிறாய், லக்னோ பெண் 'இந்தக் கொலையை யாரும் நம்ப மாட்டார்கள்' என்று எழுதியிருக்கிறாள். எனக்கு நம்பும்படி சொல்ல வரவில்லையோ என்னவோ, நீ நம்பினாய், அது போதுமாக இருந்தது.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். வாசலில் ஜனங்கள் வந்து நின்றால் நீ மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாய். விபுல் அவர்கள் தோளில் கை போட்டு டீ குடிப்பான், நான் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவான். உன்னைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும், சின்னதிலிருந்தே அப்படித்தான், அது வேறு விஷயம். படத்தில் அப்பா கடைசி மூச்சுவரை மூத்தவனைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று காட்டியிருக்கிறாய், நீ அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். உன் பாபுஜி ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சொன்னது, 'பாகையை லல்லனுக்குக் கட்டு.' அறையில் நான் மட்டும் இருந்தேன். யாருக்கும் வேண்டாதவனாக இருந்தேன் என்று நீ நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகையால் நீ விட்டுக்கொடுத்தது எதுவும் இல்லை, திருப்பிக் கேட்க எதுவும் இல்லை. படத்திலும் அந்தத் தம்பியாக நடித்தவனை மட்டும்தான் எல்லோரும் நன்றாக இருக்கிறான் என்கிறார்கள், அவனுக்கு நீ வசனம் எழுதவில்லையாம். விபுலிடம் இனி இதைப் பேசாதே, அவன் கொடுத்துவிடுவான். கொடுத்தால் நான் பங்காளிகளைக் கூப்பிட்டு, சாமான் அறையில் மிச்சம் இருக்கும் பழைய மீசைச் சுவரொட்டிக் கட்டு ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டி, இந்தக் கடிதத்தில் இருப்பதை வாயால் சொல்வேன். வேண்டாமென்று துறந்தவன் என்று ஊரில் உனக்கு ஒரு மரியாதை இருக்கிறது. படம் எடுத்த பிறகும் அது மட்டும் மிச்சம் இருக்கிறது, அதைக் காப்பாற்றிக்கொள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, கடுகெண்ணெய் அனுப்புகிறேன், தலைக்குத் தேய்த்துக் குளி, சூடு தணியும். பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் எழுதாதே, அவர்கள் உன்னைவிட நன்றாக எழுதுகிறார்கள். கடவுள் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும், ஆயுளை நான் கேட்டு வாங்கித் தருகிறேன், மற்றதை நீ கேள்.

ஹோலிக்குக் கட்டாயம் வா, மஞ்சரி உனக்குப் பிடித்த கோவா பூரணம் வைத்த குஜியா செய்கிறாள். உன் அறையைக் கழுவித் துடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், இந்த முறை கட்டிலிலேயே படுத்துக்கொள். அடியில் விபுலின் புதுச் சுவரொட்டிக் கட்டுகள் இருக்கும், நேற்றுத்தான் அச்சகத்திலிருந்து வந்தன, கால் படாமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
அம்மா